அஞ்சு மாதமாய்க் காணாத கடுவன் பூனையை எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலை மனையாவெளியில் வீடு. நாலு வயதுக் கடுவன், செம்பும் வெள்ளையும், விதை நீக்குகிற ஆப்பரேஷன் (நலமெடுப்பு) செய்யாதது. தீபாவளி இரவு வெடிச்சத்தத்துக்குப் பின்மதிலால் பாய்ந்து போனது. இப்போது பங்குனி. மாரி முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாகக் கூப்பிட்டுத் திரிந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு இரவும் பின்வாசலில் சோறும் மீனும் வைக்கிறீர்கள். விடிய தட்டு காலி, தின்றது யார் என்று தெரியாது. அம்மா புதுக்குட்டி ஒன்று எடுப்போம் என்கிறா. "அண்ணா, இன்னும் தேடுறது விசரா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

விசர் இல்லை, தங்கச்சி. ஆனால் முதல் கிழமை தேடிய மாதிரியே அஞ்சாம் மாதமும் தேடினால் பலன் வராது. முதல் கிழமையில் நாம் தேடுவது பயந்து ஒளிந்த பூனையை. அது தகரத்துக்கு அடியில், கக்கூஸ் கூரையில், பக்கத்து வளவு விறகுக் குவியலுக்குள் மூச்சுக் காட்டாமல் கிடக்கும். நீங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சத்தம் வராது. அஞ்சு மாதம் ஒரு பூனை அப்படிக் கிடக்காது. தண்ணீர் இல்லாமல் அது தாங்குவது ஒரு சில நாள்தான். ஆகவே இன்று நிலைமை இரண்டில் ஒன்று: செத்துப்போய்விட்டது, அல்லது எங்கேயோ ஒழுங்காகச் சாப்பிடுகிறது. நடுவில் மூன்றாவது ஒன்று இல்லை. பூட்டின வீட்டுக்குள் அகப்பட்டு இன்னும் பசியோடு கத்திக்கொண்டிருக்கும் என்ற படம் உங்கள் தலைக்குள் ஓடுகிறதென்றால் அதை இன்றோடு நிறுத்தலாம். அஞ்சு மாதம் பட்டினி கிடக்கிற பூனை என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

உயிரோடு இருந்தால் ஆரோ அதற்குச் சாப்பாடு போடுகிறார்கள், அல்லது சாப்பாடு கொட்டுகிற இடம் ஒன்றில் அது இருக்கிறது. இனித் தேட வேண்டியது அந்த ஆளையும் அந்த இடத்தையும்தான். டோர்ச்சோடு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற காலம் முடிந்துவிட்டது.

கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, காணாமற்போன 1,210 பூனைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்கு ஒரு கிழமைக்குள் கிடைத்தன. ஒரு வருடத்துக்குள் 61 வீதம். கிடைத்தவற்றில் நாலில் மூன்று, காணாமற்போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. 90 நாளைக்குப் பிறகு உயிரோடு கிடைத்தவை கொஞ்சம்தான். இந்தக் கடைசி வரி உங்களுக்குக் கசக்கும். ஆனாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் தேடுவதையும் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கால்நடையாகப் போய்த் தேடியவர்களுக்குப் பூனை உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

500 மீட்டர் என்பதை மனையாவெளியில் வைத்துப் பாருங்கள். வட்டத்தின் ஒரு பாதி கடலுக்குள் போகிறது. மிஞ்சுகிற தரை ஏறக்குறைய 100 ஏக்கர். சில நூறு வீடுகள். மாலையில் 15 வீடு என்று போனால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. உங்களுடையது நலமெடுக்காத கடுவன் என்பதால் பெட்டைப் பூனை இருக்கிற பக்கமாக இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கும். எங்கள் வெயில் நாட்டில் பூனைகள் வருடம் முழுக்கக் குட்டி போடுகின்றன, ஆகவே அதற்கென்று ஒரு காலம் பார்க்கத் தேவையில்லை. வட்டத்தை ஒன்றரைக் கிலோமீட்டராகப் பெருப்பியுங்கள். ஆனால் அந்த மேலதிகத் தூரத்தில் வீடு வீடாகப் போக வேண்டாம், சாப்பாடு கொட்டுகிற இடங்களை மட்டும் பாருங்கள்.

அந்த இடங்கள் எவை? முதலாவது கடற்கரை. கடல் அமைதியாகிற மாதங்களில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு விடியப்புறம் போய் நில்லுங்கள். வலை கரைக்கு வரும்போது காகம்தான் முன்னுக்கு நிற்கும், அதற்குப் பின்னால் நாய். பூனை அந்தக் கூட்டத்துக்குள் வராது. படகு கவிழ்த்து வைத்திருக்கிற நிழலிலும் வாடிகளின் (மீனவர் கொட்டில்கள்) பின்சுவரடியிலும் அது குந்தியிருக்கும். ஆட்கள் மீனைத் தெரிந்து பெட்டிக்குப் போட்டு, நாய்கள் விலகின பிறகுதான் கீழே இறங்கும். ஆகவே வலை வந்து அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். திருக்கடலூர்ப் பக்கத்து வாடிகளில் கருவாடு காயப்போடுகிற பெண்களிடம் கேளுங்கள். எந்தப் பூனை எப்போது வந்து எதைத் தூக்கிக்கொண்டு போனது என்பது அவர்களுக்கு அத்துப்படி. திட்டிக்கொண்டே சரியான தகவல் தருவார்கள்.

இரண்டாவது, மீன் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கமும். கடை பூட்டி, இலையும் எச்சிலும் கொட்டுகிற நேரம் இரவு ஒன்பதரை, பத்து. அதற்கு முன் போனால் ஒன்றும் தெரியாது. மூன்றாவது, ஆஸ்பத்திரி வளவு. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் வாட்டுக்கு வாட்டு ஒரு பூனை இருக்கும். நோயாளி மிச்சம் வைக்கிற சோறு அவற்றுக்கு. சுத்திகரிப்பு வேலை செய்கிறவர்களிடம் போனில் படத்தைக் காட்டுங்கள்.

நாலாவது அந்த வட்டத்தைத் தாண்டினது, பலர் அதை யோசிப்பதில்லை: அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகள். அங்கே சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும் வெள்ளைக்காரர் நிறைய வருவார்கள், மேசையிலிருந்து பூனைக்கு மீன் போடுவார்கள். மாரியில் பாதி விடுதி பூட்டிக் கிடக்கும், பூனைகளும் வேறு இடம் பார்த்துப் போகும். சீசன் தொடங்கியதும் புதுப் பூனைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே இப்போது ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை கேட்க வேண்டும். இப்போது "இல்லை" என்று சொன்னவரே இரண்டு மாதம் கழித்து "ஓம், ஒன்று வருது" என்பார்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. மீன் களவெடுக்கிற கடுவனை ஆரும் உரப்பைக்குள் போட்டுக் கட்டிச் சந்தையடியிலோ பாலத்தடியிலோ கொண்டுபோய் விடுவது எங்கள் ஊர்களில் புதினமில்லை. உங்கள் கடுவன் அயலவர் குசினிக்குள் போய் வருகிற பேர்வழி என்றால் இதையும் கணக்கில் எடுங்கள். கேட்கிற விதம் முக்கியம். "நீங்கள் கொண்டுபோய் விட்டனீங்களா?" என்று கேட்டால் உண்மை வராது. "ஆரும் எங்கேயாவது விட்டிருந்தாலும் பரவாயில்லை, இடத்தைச் சொன்னால் போதும், நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒழுங்கையில் ரெண்டு மூன்று பேரிடம் பொதுவாகச் சொல்லி வையுங்கள். நேரே சொல்லாவிட்டாலும் அந்த வீட்டுப் பிள்ளை மூலம் செய்தி வந்து சேரும். மீன் ஏற்றுகிற லொறிக்குள் ஏறி ஊர்விட்டு ஊர் போகிற பூனைகளும் உண்டு. ஐஸ் பெட்டி ஏற்றுகிற இடத்தில் சாரதிமாரிடம் படத்தை வட்ஸ்அப்பில் கொடுத்து வைத்தால் போதும். அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

கடற்படை டொக்யார்ட்டுக்குள்ளும் கோட்டை இராணுவ முகாமுக்குள்ளும் நீங்கள் நினைத்தபடி புகுந்து தேட முடியாது. வாசல் காவலில் நிற்பவரிடம் படத்தோடு ஒரு துண்டு கொடுங்கள். துண்டு சிங்களத்தில் இருக்க வேண்டும். பொதுவாகவே திருகோணமலையில் அறிவித்தல் ஒட்டுவதென்றால் மூன்று மொழியிலும் ஒட்டுங்கள். தமிழில் மட்டும் ஒட்டினால் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது சுவரில் ஒட்டின வெறும் கடதாசி.

அறிவித்தலில் எழுத்தைக் குறையுங்கள். ஏ4 தாளில் பாதிக்கு மேல் படம். பூனை முழுதாக, பக்கவாட்டில், வெள்ளையும் செம்பும் எங்கே பிரிகிறது என்று தெரிகிற படம்; மடியில் தூங்குகிற அழகான படம் வேண்டாம். கீழே "செம்பு-வெள்ளைக் கடுவன். உங்கள் வீட்டுக்கு வருகிறதா?" என்றும் போன் இலக்கமும். "காணவில்லை" என்று பெரிதாக எழுதினால், அஞ்சு மாதமாக அதற்குச் சோறு வைக்கிறவர் தன் பூனையை அதோடு சேர்த்துப் பார்க்கவே மாட்டார். அவருக்கு அது காணாமற்போன பூனை இல்லை, வந்து சேர்ந்த பூனை. லாமினேட் செய்து நாலு மூலையும் ஒட்டுங்கள். கடற்காற்றுக்கு வெறும் பசை ரெண்டு நாள்கூட நிற்காது. ஒட்டுகிற இடம்: பேக்கரி, மருந்துக்கடை, ஓட்டோ தரிப்பிடம், டியூசன் வகுப்புச் சுவர். இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். எந்த வீட்டு மதிலில் எந்தப் பூனை படுக்கிறது என்பது சைக்கிளில் டியூசனுக்குப் போகிற பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும், அந்த வீட்டுக்காரருக்கே தெரியாவிட்டாலும்.

சன்மானத் தொகை எழுத வேண்டாம். தொகை போட்டால் பொய் அழைப்பு வரும். "பூனை என்னிடம் இருக்கு, முதலில் ஐயாயிரம் அனுப்புங்கோ" என்று கேட்பவரிடம் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். கூடவே, அறிவித்தலில் போடாத அடையாளம் ஒன்றை உங்களிடம் ஒளித்து வையுங்கள். பின்னங்காலின் உள்பக்கப் புள்ளி, பாதத்துச் சதையின் நிறம், அப்படி ஏதாவது. அதை அவர் சரியாகச் சொன்னால் மட்டும் புறப்படுங்கள். அப்போதும் தனியே போகாதீர்கள்.

இனிப் பின்வாசல் தட்டு. இப்போது செய்கிறபடி இரவு முழுக்கச் சோறு வைப்பதை நிறுத்துங்கள். அது உங்கள் பூனைக்கு உதவுவதில்லை, கெடுதல்தான் செய்கிறது. கட்டாக்காலி நாய், எலி, மரநாய், அயல் கடுவன்கள் எல்லாம் அதற்குப் பழகிவிட்டிருக்கும். உங்களுடையது திரும்பி வந்தாலும், தன் வாசலில் இன்னொரு கடுவன் மூத்திரம் அடித்து வைத்திருப்பதை மோந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதற்குப் பதிலாக, தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாக இரவு எட்டரைக்கு, ஒரு மேசைக்கரண்டி மீன் மட்டும் வைத்து ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள். ரின்மீன் என்றால் உப்புத் தண்ணீரை வடித்து ஒருதரம் கழுவுங்கள். சுட்ட சூடை மீன் இன்னும் நல்லது, வாசம் தூரம் போகும்.

வந்தது ஆர் என்று அறிய கமரா தேவையில்லை. கடற்கரை மணலை அரித்தெடுங்கள், மா அரிக்கிற அரிதட்டு போதும். தட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு, விரல் நகம் புதைகிற தடிப்பில் பரப்பி, கைத்தெளிப்பானால் லேசாக ஈரமாக்கி, பலகைத் துண்டால் இழுத்துச் சமப்படுத்துங்கள். விடியக் காலை, வெயில் சரிந்து விழுகிற நேரம் குனிந்து பாருங்கள். நிழல் விழும்போதுதான் தடம் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. பூனைத் தடம் வட்டம், அகலம் மூன்று சென்ரிமீட்டர் அளவு, நாலு விரல், நகக் கீறல் இருக்காது, ஏனென்றால் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும். நாய்க்குட்டித் தடமும் அதே அளவு இருக்கலாம், ஆனால் நீண்டிருக்கும், விரலுக்கு முன் நகப் புள்ளி தெரியும். அஞ்சு விரல் தெரிந்தால் கீரி அல்லது மரநாய். ஒரு கிழமை பார்த்தும் பூனைத் தடமே இல்லை என்றால் அந்தத் தட்டு இவ்வளவு நாளும் நாய்க்குத்தான் போனது. பூனைத் தடம் இருந்தால் மட்டும் ரெண்டு இரவு யன்னல் இருட்டில் இருந்து பாருங்கள், அல்லது பழைய போனில் வீடியோ ஓடவிட்டு யன்னலில் சாய்த்து வையுங்கள். முழு மாரியிலும் நாய்க்குச் சோறு போட்டுக்கொண்டு பூனை வருகிறதென்று நம்பியிருந்தால் மனம் நோகத்தான் செய்யும். ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது.

பூனையின் மலமண்ணை வெளியே வைத்தால் கிலோமீட்டர்க் கணக்கில் மணம் பிடித்து வரும் என்று பேஸ்புக்கில் ஓடுகிற ஆலோசனையை விடுங்கள். அதனால் முதலில் வருவது அயல் கடுவன்தான். கழுவாத படுக்கைத் துணி, நீங்கள் ஒருநாள் போட்ட சட்டை போதும். அதிலும் காற்றைப் பாருங்கள். வாடைக்குக் கடலிலிருந்து வீட்டுப் பக்கம் அடிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் தரையிலிருந்து கடலுக்கு. இப்போது இரண்டுக்கும் நடுவில்: பகலில் கடற்காற்று, இரவில் தரைக்காற்று. இரவில் துணியை வைத்தால் அதன் மணம் கடலுக்குத்தான் போகும். மாலை நாலு மணிக்கே வைத்துவிடுங்கள்.

ஒரு பூனையைக் கண்டீர்கள் என்று வைப்போம். அது உங்களுடையதா? செம்பூனை என்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்குக் கூடுதல். செம்பூனைகள் எல்லாவற்றுக்கும் உடம்பில் கோடு இருக்கும், நெற்றியில் 'எம்' மாதிரி அடையாளமும் இருக்கும். ஐந்தில் நாலு கடுவன். ஆகவே "செம்பு, கோடு, கடுவன், நெற்றி அடையாளம்" நாலும் பொருந்தினாலும் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. வளைந்த வாலும் நம்பத்தகுந்ததல்ல, எங்கள் பக்கத்துப் பூனைகளில் அது நிறையவே உண்டு. மாறாதது வெள்ளைக்கும் செம்புக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு. மூக்கடியில் வெள்ளை எந்தப் பக்கம் கூட ஏறியிருக்கிறது, முன்கால் வெள்ளை முட்டுக்கு மேலா கீழா, வயிற்றில் செம்புத் தீவு ஏதும் இருக்கிறதா என்று பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். மாறக்கூடியவை வேறு: உடம்பு மெலியும், காது கிழிந்திருக்கும், வெளியே திரிந்த கடுவனுக்குக் கன்னம் உப்பும், மூக்கிலும் உதட்டிலும் புதுக் கறுப்புப் புள்ளிகள் வரும். இந்தப் புள்ளி செம்பூனைக்கு வயது ஏற ஏற வருவது. "எங்கடைக்கு இது இல்லையே" என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

உங்களைக் கண்டதும் ஓடி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சீறலாம், ஓடலாம். அதை வைத்து அது உங்களுடையது இல்லை என்றோ, உங்களை மறந்துவிட்டது என்றோ முடிவெடுக்க முடியாது. துரத்தக் கூடாது. பத்தடி தள்ளி, முகத்தை நேரே காட்டாமல் பக்கவாட்டில் நிலத்தில் இருந்து, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில் பேசுங்கள். சோற்றுக் கோப்பையைக் கரண்டியால் தட்டுகிற சத்தம் அதற்குப் பழக்கமென்றால் அதையே கொண்டுபோய்த் தட்டுங்கள். ஒரே நேரத்தில் மூன்று நாலு நாள் போக வேண்டி வரும். வெறுங்கையால் தூக்கி மதிலால் தாண்டி வர நினைக்க வேண்டாம். ஓட்டோ சத்தம் ஒன்று போதும், கையைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஓடும், பிறகு பிடிப்பது பத்து மடங்கு கஷ்டம்.

கூடு வைப்பதுதான் ஒழுங்கான வழி. எலிக்கூட்டைப் பெருப்பித்த மாதிரி, நீளம் 75 முதல் 80 சென்ரிமீட்டர், அகலமும் உயரமும் 30. வெல்டிங் கடையில் சொன்னால் அடித்துத் தருவார்கள். மூன்று பிழைகள் வழக்கமாக நடக்கும். மிதி தகடு காலில் குளிர்ந்து ஆடினால் பூனை பின்வாங்கும், ஆகவே அதன்மேல் பழந்துணி விரியுங்கள். மீனை மிதிக்கு இந்தப் பக்கம் வைத்தால் கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டு போய்விடும், ஆகவே கடைசி மூலையில் வையுங்கள். கதவு விழும்போது வாலில் அடிக்காமல் இருக்க அதன் விளிம்பில் சைக்கிள் டியூப் கீலம் ஒட்டுங்கள். முதல் ரெண்டு நாள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து உள்ளே சாப்பிடப் பழக்குங்கள். மூன்றாம் நாள் கம்பியைக் கழற்றுங்கள். பகல் வெயிலில் கூட்டை வைத்துவிட்டு ஒருபோதும் போகக் கூடாது, பங்குனி வெயிலுக்கு இரும்பு அடுப்பாகிவிடும். அகப்பட்டதும் கூட்டைத் துணியால் மூடுங்கள், இருட்டில் அடங்கும்.

கடித்தால், பிறாண்டினால், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் நாட்டில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது, பூனையாலும் வரும். உங்கள் பூனைதானே என்று விடாதீர்கள். அஞ்சு மாதம் அதை எது கடித்ததென்று உங்களுக்குத் தெரியாது.

வேறு வீட்டில் அது ஒட்டிவிட்டிருந்தால் பிடிவாதத்தோடு போகாதீர்கள். பழைய படங்களையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோய் முதலில் நன்றி சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். அவர்கள் சோறு வைத்திராவிட்டால் கேட்பதற்குப் பூனையே இருந்திராது.

செத்திருந்தால்? அதையும் ஒருமுறை முறையாக விசாரியுங்கள். விடிய நாலரைக்குத் தெருக் கூட்டுகிற தொழிலாளர்களிடம் படத்தைக் காட்டி, தீபாவளியை அண்டிய நாட்களில் வீதியில் இப்படி ஒன்றைக் கண்டார்களா என்று கேளுங்கள். தெருவில் கிடந்த செம்பூனை ஞாபகத்தில் நிற்கிற நிறம். கெட்ட பதில் வந்தாலும் பதில் பதில்தான்.

பதிலே வராமல் போவதுதான் ஆளை அரிக்கிறது. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் ஒழுங்கைக்குமாக நடக்க வைப்பது அதுதான். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்து இதற்கு ஒரு பெயர் வைத்தார்: தெளிவற்ற இழப்பு. போனது உறுதியில்லை, வருவதும் உறுதியில்லை, ஆகவே துக்கம் தொடங்கவும் முடியாது முடியவும் முடியாது. திருகோணமலைக்கு இதை ஆரும் வந்து விளக்கத் தேவையில்லை. மனுசரே காணாமற்போன வீடுகள் உங்கள் ஒழுங்கையிலும் இருக்கும். அதனால்தான் பூனைக்கு அழுவதை வெளியே சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அந்த வலியோடு இதை ஒப்பிட வேண்டாம். ஒப்பிடாமலே இதுவும் வலிதான். அப்படியான வீட்டு அம்மா ஒருவர் உங்கள் பூனையைப் பற்றி மற்றவர்களைவிட அக்கறையாக விசாரித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நம்பிக்கையை விடுவதா வைப்பதா என்று தினமும் முடிவெடுக்கப் போனால் மனம்தான் மதில்மேல் பூனையாகிவிடும். அதை வேலையாக மாற்றி, நாள் குறித்து விடுங்கள். இந்தப் பங்குனி, சித்திரை இரண்டும் வீடு வீடாகவும் கடற்கரையிலும் தேடுகிற மாதம். கிழமைக்கு மூன்று மாலை மட்டும், மற்ற நாலு மாலை தேடுவதில்லை. வைகாசியிலிருந்து மாதம் ஒருதரம்: கிழிந்த அறிவித்தலை மாற்றுவது, விடுதிகளில் கேட்பது, பேஸ்புக்கில் படத்தை மறுபடி போடுவது. அடுத்த தீபாவளிக்குப் பிறகு போன் இலக்கத்தை மாற்றாமல் வைத்திருப்பது மட்டும். மை பார்க்கிறவரிடம் போக அம்மா சொன்னால் ஒருதரம் போங்கள், தவறில்லை. ஆனால் "தெற்குப் பக்கம், தண்ணிக்குக் கிட்ட" என்று சொன்னால் தேடுகிற திட்டத்தை மாற்றாதீர்கள். இந்த ஊரில் எந்தப் பக்கம்தான் தண்ணிக்குக் கிட்ட இல்லை?

வந்துவிட்டால் செய்ய வேண்டியதை இப்போதே ஆயத்தம் செய்து வையுங்கள், அந்த நேரத்துக் குழப்பத்தில் பிழை விடுவதுதான் வழக்கம். ஒரு அறை, மண் போட்ட பேசின், தண்ணீர், ஒளிய ஒரு கடதாசிப் பெட்டி. பத்து நாள் அங்கேயே. எலும்பும் தோலுமாக வந்தால் ஆசைக்கு வயிறு நிறையப் போடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம், பொஸ்பேற்று திடீரென இறங்கி ஆளையே கொல்லும். மூன்று கிலோப் பூனைக்கு முதல் நாள் உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த கோழி 25 கிராம், தீப்பெட்டி அளவு, அதையும் ஆறாகப் பிரித்து. நாலைந்து நாளில் படிப்படியாக நூறு கிராமுக்குக் கொண்டுவாருங்கள். தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தொங்கினால், நடை தள்ளாடினால் உடனே மிருக வைத்தியரிடம். பசுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும். உடம்பு சுடுகிறதென்று பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கவே கூடாது. ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்தும் அப்படித்தான், பேர்மெத்ரின் சேர்ந்தது பூனைக்கு நஞ்சு. கடுவன் மூத்திரம் பெய்யாமல் பேசினில் குந்தி முக்கினால் விடியும் மட்டும் பார்த்திருக்க வேண்டாம், அப்போதே வைத்தியரிடம். உடம்பு தேறினதும் தடுப்பூசி, பூச்சி மருந்து, ஆப்பரேஷன் மூன்றையும் முடித்துவிடுங்கள்; ஆப்பரேஷன் செய்யாத கடுவன் அடுத்த வெடிச்சத்தம் வரும்வரைகூட வீட்டில் நிற்காது.

கடைசியாக அம்மா கேட்ட புதுக்குட்டி. எடுக்கலாம். குட்டி வீட்டில் இருப்பதால் பழையது திரும்பி வராமல் போகாது. வந்தால் கொஞ்ச நாள் சீறும், இரண்டையும் இரண்டு அறையில் வைத்து, கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோறு வைத்து மெல்லப் பழக்க வேண்டி வரும், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு ஆசை வந்தால் மட்டும் எடுங்கள், அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறா என்பதற்காக வேண்டாம். பழைய பெயரை அதற்கு வைக்காதீர்கள். இரவில் வாடிப் பக்கம் நின்று கூப்பிட அந்தப் பெயர் இன்னும் தேவைப்படும். குட்டிக்குச் சாப்பாடு குசினிக்குள்ளேயே வையுங்கள், பின்வாசலில் வேண்டாம். அந்த மணலைக் குழப்பிவிடும்.